செத்த குழந்தையின் தொழில் என்ன?

ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயசு முடியும் முன்னே சாகிற குழந்தை இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கு 2020ஆம் வருசத்துக்குச் சொன்ன எண்ணிக்கை இது. இந்தப் பதிமூன்றை வைத்துக்கொண்டு பேசாத மேடை இல்லை. ஆண்டவர்களும் எங்க சாதனை என்கிறார்கள், ஆள்கிறவர்களும் எங்க சாதனை என்கிறார்கள். வெளிமாநிலத்து நிபுணர்கள் வந்து பார்த்து முன்மாதிரி என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

பொய் என்று சொல்ல நான் வரவில்லை. நூற்றுக்குத் தொண்ணூத்தொம்பது பிரசவத்துக்கு மேல் இன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடக்கிறது. எங்க அம்மா காலத்தில் வளவுக்குள்ளேயே கிழவிகள்தான் பிரசவம் பார்த்தார்கள். ஊருக்குள்ளே பார்க்கிற மருத்துவச்சி எங்க வளவுக்குள் காலெடுத்து வைக்கமாட்டாள். ஏழு பெற்று மூணைப் பறிகொடுத்தவள் எங்கம்மா. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தின் அருமை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தப் பதிமூணு யாரூட்டுக் குழந்தைங்க?

பதில் கிடைக்காது. மாதிரிப் பதிவுக் கணக்கு ஆண் குழந்தை எத்தனை, பெண் குழந்தை எத்தனை, கிராமத்தில் எத்தனை, நகரத்தில் எத்தனை என்று பிரித்துச் சொல்லும். சாதி சொல்லாது. குடும்பநலக் கணக்கெடுப்புதான் சொல்கிறது, அதுவும் இந்தியா முழுமைக்கும் சேர்த்து. 2019-21 கணக்கெடுப்பில், பிறந்து 28 நாளுக்குள் செத்த குழந்தைகள் பட்டியல் சாதியில் ஆயிரத்துக்கு 29.2. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர் அல்லாத ‘மற்றவர்’ வீட்டில் 20.5. ஒரு வயசுக் கணக்கு எடுத்தால் 40.7க்கு 28. ஒரே தேசம், ஒரே தடுப்பூசி, ஒரே சர்க்கார். ஆயிரத்துக்குப் பன்னெண்டு பதிமூணு குழந்தை அதிகமாகச் சேரியில் சாகிறது. தமிழ்நாடு மொத்தத்துக்கும் சாகிற அளவு குழந்தை, வித்தியாசமாக மட்டுமே சாகிறது.

‘தமிழ்நாட்டில் அப்படி இல்லை’ என்பார்கள். இருக்கலாம். காட்டுங்கள், பார்க்கிறோம். கர்ப்பிணியைப் பதிவு செய்யும்போதே எஸ்.சி., எஸ்.டி., மற்றவர் என்று கேட்டு எழுதிக்கொள்கிறீர்கள். எழுதினதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? மாவட்டவாரியாக, சாதிவாரியாகப் பச்சைக் குழந்தைச் சாவு என்று மக்கள் படிக்க வெளியிட்ட ஒரு காகிதத்தை நான் பார்த்ததில்லை. 2014இலேயே குழந்தைச் சாவு ஒவ்வொன்றையும் விசாரிக்க வேண்டும் என்று மத்திய அரசு வழிகாட்டி போட்டது. விசாரித்து யாருக்குச் சொன்னார்கள்? செத்த குழந்தையின் தாய்க்காவது சொன்னார்களா?

பிறப்புப் பதிவுப் படிவத்தை ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள். குடும்பத்தின் மதம் கேட்கும். அப்பன் படிப்பு, ஆத்தா படிப்பு கேட்கும். அவர்கள் தொழில் கேட்கும். குழந்தை எடை, கர்ப்பம் எத்தனை வாரம் என்றும் கேட்கும். சாதி கேட்காது. தொழில் கேட்கிறதே, அதில் என்ன எழுதுகிறார்கள்? என் அக்கா கலியாணம் ஆகிறதுக்கு முன்னே நூல் மில்லில் மூணு வருசம், அதற்குப் பிறகு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் ஒம்பது வருசம் நின்றவள். எட்டு மாசம் வரைக்கும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தாள். அவள் குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியில் அவள் தொழிலுக்கு நேராக எழுதினது ‘வீட்டு வேலை’. யாரும் அவளைக் கேட்கவில்லை. பொம்பளை என்றால் வீட்டு வேலை, அவ்வளவுதான். அந்தக் குழந்தை ஒண்ணே முக்கால் கிலோ. பதினோராம் நாள் போய்விட்டது. இறப்புப் படிவம் தனி. அதில் இறந்தவரின் தொழில் என்ன என்று ஒரு கேள்வி உண்டு. பதினோரு நாள் குழந்தைக்கு அதில் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். எழுதினார்கள். தாயின் தொழிலும் பொய், சேயின் தொழிலும் இல்லை. இந்த ரெண்டு காகிதத்தை வைத்துக்கொண்டு எந்த நிபுணர் வந்து என்னத்தைக் கண்டுபிடிப்பார்?

ஒண்ணே முக்கால் கிலோவை ஆஸ்பத்திரி உண்டாக்கவில்லை. ஆஸ்பத்திரி எடைதான் போடுகிறது. வயிற்றுப்போக்கு, நிமோனியா, அம்மை இதெல்லாம் குறைந்த பிறகு மிச்சம் நிற்கிற சாவு பெரும்பாலும் பிறந்த முதல் மாசத்துச் சாவு. 2020 கணக்கில் தமிழ்நாட்டில் செத்த 13இல் 9 குழந்தை 28 நாளைத் தாண்டாதவை. மாசம் முந்திப் பிறப்பது, எடை குறைந்து பிறப்பது, பிறந்ததும் மூச்சுத் திணறுவது, கிருமி தொற்றுவது — இவைதான் முக்கியக் காரணம். இதில் முதல் ரெண்டும் தாயின் உடம்புக்குள்ளே, குழந்தை வருவதற்கு வெகுகாலம் முந்தியே ஆரம்பமாகிற கதை. அந்த உடம்பு எங்கே இருந்தது, என்ன தின்றது, எத்தனை மணிக்குத் தூங்கியது என்று பார்க்காமல் குழந்தைச் சாவைப் பேசுவது பித்தலாட்டம்.

திருப்பூர் முதலாளிகளைப் பற்றி ஒரு கதை உண்டு. வெறுங்கையோடு வந்தோம், பாடுபட்டோம், முதலாளி ஆனோம் என்கிற கதை. ஷரத் சாரி என்கிற ஆய்வாளர் இதை வைத்து ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார், 2004இல் வந்தது. காடு உழுத கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, பங்காளியும் மாமன் மச்சானும் கூட்டுச் சேர்ந்து கம்பெனி வைத்ததை விளக்குகிறார். நல்லது. அதே காட்டில் அதே வெயிலில் பண்ணயத்தில் கிடந்த எங்க பாட்டனும் அப்பனும் பட்டது பாடு இல்லையா? கவலை இறைக்கத் தோல் தைத்துக் கொடுத்தவன் எந்தச் சாதி? பாடுபட்டவன் முதலாளி ஆவான் என்றால் கொங்குச் சீமையில் முதல் கம்பெனி அருந்ததியன் கம்பெனியாக இருந்திருக்க வேண்டும். அடமானம் வைக்க அவர்களுக்குப் பூமி இருந்தது. கைமாத்துக் கொடுக்க மாமனார் இருந்தார். எங்களுக்கு இருந்தது பண்ணாடியிடம் வாங்கின முன்பணம். பண்ணயத்து முன்பணம் போய், பல்லடம் பக்கம் பவர்லூம் முன்பணம் வந்தது. தறிக்காரர் முன்பணம் கொடுத்தால் புருசனும் பொண்டாட்டியுமாகப் போய் நிற்க வேண்டும். தறியில் நைட் ஷிப்டுக்கு மசக்கை தெரியாது.

சாதிவேறு, வறுமைவேறு என்று பிரித்துப் பேசுகிற தோழர்களும் உண்டு. திருப்பூரில் வந்து பிரித்துக் காட்டட்டும்.

பொட்டப்புள்ளையின் உடம்புக்கு வருவோம். பதினாலு பதினஞ்சு வயசில் புரோக்கர் வளவுக்கு வருகிறான். மூணு வருசம் மில்லில் இருந்தால் மொத்தமாக முப்பதாயிரம், நாப்பதாயிரம், அம்பதாயிரம், கலியாணத்துக்கு ஆகும் என்கிறான். அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பேர் வைத்த வாயை என்னவென்று சொல்வது! 2011இலும் 2014இலும் வெளிநாட்டு அமைப்புகள் இந்தத் திட்டத்தைப் பற்றி அறிக்கை போட்டன. உலகம் பதறியது. பேரை மாற்றிக்கொண்டார்கள். கேம்ப் கூலி என்றார்கள், ஹாஸ்டல் என்றார்கள். அறிக்கை எழுதினவர்கள் அடைத்து வைத்ததை எழுதினார்கள், சம்பளம் குறைவானதை எழுதினார்கள். சரியாகவே எழுதினார்கள். ஆனால் அந்தப் பிள்ளை வெளியே வந்த பிறகு அவள் வயிற்றில் என்ன வந்தது என்று யார் பின்னாலேயே போய்ப் பார்த்தார்கள்? உடம்பு வளர்கிற வயசில் மாறி மாறி மூணு ஷிப்ட். தூக்கம் கெட்டது, பசி கெட்டது. பருத்திப் பஞ்சு நெஞ்சில் இறங்கியது. மாசவிலக்கு வலிக்கு சூப்பர்வைசர் கையிலிருந்து ஒரு மாத்திரை, அட்டையில் பேர் இருக்காது. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைக் கம்பெனிப் பெண்கள் நூறு பேர் வரைக்கும் பேசி எழுதினதும் இந்த மாத்திரைக் கதையைத்தான்.

இப்படிச் சுண்டிப்போன ரத்தத்தோடு வெளியே வருகிறாள். அந்தப் பணத்தில் கலியாணம், அடுத்த வருசம் வயிறு. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிப் பேர் பக்கம், 2019-21இல் நூற்றுக்கு 48 பேர், ரத்தசோகைக்காரர்கள். இதை அதே குடும்பநலக் கணக்கு சொல்கிறது. முன்மாதிரி மாநிலத்தில்!

மாசமாக இருக்கிறவளுக்குப் பனியன் கம்பெனியில் பிசிரு வெட்டுகிற வேலை கொடுப்பார்கள், ‘லேசான வேலை’ என்று. காலையில் எட்டரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டரை வரைக்கும் குனிந்த தலை நிமிராது. அல்லது செக்கிங் டேபிள், நின்றபடி. பீஸ் ரேட் என்றால் எழுந்து போகிற நேரத்துக்கெல்லாம் காசு குறையும். கக்கூஸ் போகாமல் இருக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். மூத்திரக் கடுப்பு வரும், காய்ச்சல் வரும், அதிலேயே மாசம் முந்தி வலி வருகிறதும் உண்டு. சரக்கு கப்பலேறுகிற வாரம் என்றால் நைட்டும் சேர்ந்துவிடும். வரமாட்டேன் என்றால் சனிக்கிழமை சம்பளத்தோடு கணக்கு முடிந்தது.

ஆஸ்பத்திரியில் அவளிடம் கேட்கிறார்கள்: “இரும்புச்சத்து மாத்திரை குடுத்தமே, முழுங்குனயா? முழுங்காம என்ன மயித்துக்கு இங்க வந்து உக்காந்திருக்கற?” என்னிடமே ஒரு வார்டில் இப்படிக் கேட்டார்கள். மாத்திரை வெறும் வயித்தில் போட்டால் குமட்டும். கம்பெனியில் வாந்தி எடுத்தால் துணி மேலே பட்டுவிடும் என்று லைன் சூப்பர்வைசர் கத்துவான். சோத்தோடு போடலாம் என்றால் காலையில் கம்பெனி வேன் வருகிற ஏழரைக்கு உலையே கொதித்திருக்காது. பதினோரு மணிக்கு டீயும் பன்னும் வரும், அதோடு போட்டுக்கொள்வோம். டீயோடு சேர்த்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, பத்து வருசம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். இதற்கு அவர்கள் வைத்திருக்கிற பேர் ‘தாயின் அறியாமை’. மாத்திரையை எண்ணிக் கொடுத்தவர்கள் மாத்திரை முழுங்குகிற நேரத்தைக் கொடுத்தார்களா?

ஆஸ்பத்திரியில் சாதி பார்க்கிறதில்லை என்கிறார்கள். வாஸ்தவம்தான், யாரும் சாதி கேட்பதில்லை. எந்த ஊர் என்று கேட்பார்கள். சொன்னதும், “ஊருக்குள்ளயா, வளவா?” என்பார்கள். எங்க வீட்டில் பேசுகிறது தெலுங்கு. பயத்தில் எங்கம்மா என்னிடம் ரெண்டு வார்த்தை தெலுங்கில் பேசினாள். அதுவரைக்கும் ‘வாங்க, போங்க’ என்றிருந்த ஆயாவின் பேச்சு ‘வா, போ’ ஆகிவிட்டது. அந்த ஆயா மேலே எனக்குக் கோபமில்லை. நர்சு வேலைக்கும் டாக்டர் வேலைக்கும் எங்க பிள்ளைகள் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் கோபம் வேறு இடத்துக்குப் போகும். 2009இல்தானே எங்களுக்கு அந்த மூணு சதவீதமே வந்தது.

கர்ப்பிணிக்குச் சத்துமாவு கொடுக்கிற பால்வாடி ஊருக்குள் இருக்கிற கிராமங்கள் உண்டு. சமைக்கிற கை எந்தக் கை என்று பார்க்கிற ஊரில் வாங்குகிற கை எப்படிப் போய் நிற்கும்? 2018 ஜூலையில் அவிநாசிக்குப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டு வந்ததை நாடு பார்த்தது. அந்த ஊர் காட்டுக்குள் இல்லை. உலகத்துக்கே சட்டை தைத்து அனுப்புகிற திருப்பூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு பதிலும் கையில் வைத்திருப்பார்கள்: “இவங்க உடம்பு வாகே அப்படித்தான், குழந்தை சிறுசாத்தான் பொறக்கும்.” படித்த டாக்டரே சொல்லக் கேட்டிருக்கிறேன். இதே பேச்சை அமெரிக்காவில் கறுப்பர்களைப் பார்த்து வெகுகாலம் பேசினார்கள். சிக்காகோவில் டேவிட், காலின்ஸ் என்று ரெண்டு குழந்தை மருத்துவர்கள், இல்லினாய் மாநிலத்துப் பிறப்புப் பதிவுகளை எடுத்து மூணு வகைத் தாய்மார்களை ஒப்பிட்டு 1997இல் வெளியிட்டார்கள். அங்கேயே பிறந்த வெள்ளைத் தாய்க்குப் பிறந்த குழந்தை சராசரி 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்கா வந்த கறுப்புத் தாயின் குழந்தை 3,333. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்புத் தாயின் குழந்தை 3,089. ரத்தம்தான் காரணம் என்றால் ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்தவளின் குழந்தையல்லவா சிறுத்திருக்க வேண்டும்? எடையைத் தின்றது தோல் நிறம் அல்ல, அந்தத் தோலோடு அந்த நாட்டில் வாழ்ந்த வாழ்க்கை. அவர்களால் அதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், அங்கே பிறப்புப் பதிவிலேயே தாயின் இனமும் தாய் பிறந்த நாடும் எழுதியிருந்தது. இங்கே எழுதாமல் விட்டால் கண்டுபிடிப்பே இல்லை. பிரச்சனையும் இல்லை. 2027இல் மக்கள்தொகைக் கணக்கில் சாதி கேட்கப்போகிறார்களாம். செத்த குழந்தை அந்தக் கணக்கிலும் வராது.

1928இல் பம்பாய் சட்டசபையில் ஆலைப் பெண்களுக்குப் பேறுகாலச் சம்பளம் கொடுக்கிற மசோதா வந்தபோது எழுந்து ஆதரித்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டுக்கே நன்மை, அந்தச் செலவில் அரசுக்குப் பெரும்பங்கு உண்டு, அவள் உழைப்பில் ஆதாயம் பார்க்கிற முதலாளிக்கும் பங்கு உண்டு என்பது அவர் வாதம். அடுத்த வருசம் சட்டம் ஆனது. கிட்டத்தட்ட நூறு வருசம் ஆகப்போகிறது. 1961இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. 2017இல் முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரச் சம்பள விடுப்பு என்று திருத்தினார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. அம்பது பேருக்கு மேல் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் இருக்கிறது. வாங்குவதற்கு ஒரு நிபந்தனை, முந்தின பன்னெண்டு மாசத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். நாங்கள் எண்ணூறு நாளும் பார்த்திருக்கிறோம். ஆனால் யாரிடம்? காண்ட்ராக்ட்காரனிடம். அவன் நோட்டில் எங்க பேர் ‘பிசிரு 6 பேர்’ என்று இருக்கும். வயிறு தெரிய ஆரம்பித்ததும், “நீ போயிட்டுப் பொறந்தப்பறம் வா கண்ணு” என்பான், பாசமாக. 26 வாரத்தை நாப்பது நாளாகச் சுருக்குவது இந்தப் பாசம்தான்.

1984இல் திருப்பூர்த் தொழிலாளிகள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரிய போராட்டம், வணங்குகிறேன். ஆனால் பிள்ளைத்தாய்ச்சியின் ஷிப்டுக்காக ஒரு நாள் மிஷின் நின்றதாக எனக்கு நினைவில்லை. நம்ம ஆட்களையும் விடுவதற்கில்லை. நம் மேடைகளில் கோயில் நுழைவு பேசினோம், டீக்கடை டம்ளர் பேசினோம், பஞ்சமி நிலம் பேசினோம். பேச வேண்டியதுதான். குழந்தையின் எடையைப் பேசினால் அது பொம்பளைப் பேச்சு என்று மைக்கை வாங்கின தோழர்களும் இருக்கிறார்கள். ரெண்டு கிலோவில் பிறந்து செத்தவன் எந்த டம்ளரில் டீ குடிப்பான், சொல்லுங்கள்.

முத்துலட்சுமி ரெட்டி பேரில் 1987இல் ஆரம்பித்த பேறுகால உதவி இப்போது 18,000 ரூபாய், அதில் 4,000 சத்துப் பெட்டியாக வருகிறது. இல்லையென்பதைவிட மேல். ஆனால் தாய்க்குப் 19 வயசு முடிந்திருக்க வேண்டும், முதல் ரெண்டு பிரசவத்துக்குத்தான் என்கிறார்கள். மில்லிலிருந்து வந்ததும் பதினேழிலும் பதினெட்டிலும் கட்டிக்கொடுத்தவளுக்குத்தானே குழந்தை எடை குறைகிறது? பிறந்ததைப் பறிகொடுத்தவள்தானே மூணாவது பெறுகிறாள்? யாருக்கு அதிகம் தேவையோ அவளைப் பார்த்துக் கதவைச் சாத்துகிற நிபந்தனைகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் பிள்ளை பெறுகிற தலித், ஆதிவாசிப் பெண்களின் நிலைமையோ எங்களைவிடக் கீழே.

எடை குறைந்த குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோல்மேல் தோலாக அணைத்து வைத்தால் பிழைக்கும் என்கிறார்கள். கங்காரு முறை. 2021இல் இந்தியா உட்பட அஞ்சு நாடுகளில் செய்த ஆராய்ச்சி வந்தது. பிறந்தவுடனே அப்படி வைத்தால் முதல் மாசச் சாவு நாலில் ஒரு பங்கு குறைகிறதாம். கோடி ரூபாய் மிஷின் வேண்டாம், ஒரு நெஞ்சு போதும். ஆனால் ஒரு நாளில் பல மணி நேரம், வாரக்கணக்கில். அந்த நெஞ்சுக்கு யார் சோறு போடுவது? வீட்டில் இருக்கிற மூத்ததை யார் பார்ப்பது? புருசன் வாங்கின தறி முன்பணத்துக்கு யார் நிற்பது? அக்கா நாலாம் நாளே குழந்தையை உள்ளே விட்டுவிட்டு வராந்தாவில் சிமெண்டுத் தரையில் தையல் போட்ட வயித்தோடு உட்கார்ந்திருந்தாள். தாய்க்கு ஒரு கட்டில் கொடுக்கிறது வைத்தியத்தில் சேர்ந்ததில்லை என்று நினைத்தார்கள் போல.

இந்த வருசம் எங்க வளவில் நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். பள்ளிக்கூட நீளநோட்டுத்தான். தாய் வயசு, சாதி, மில்லில் எத்தனை வருசம், வயித்தோடு பார்த்த வேலை என்ன, எத்தனாவது மாசம் வரைக்கும், நைட் உண்டா, முன்பணம் எவ்வளவு, ரத்தம் எத்தனை கிராம், எத்தனை வாரத்தில் பிறந்தது, என்ன எடை, 28ஆம் நாள் இருக்கிறதா, எத்தனாம் நாள் திரும்ப வேலைக்குப் போனாள். கோடு போட்டது எட்டாவது படிக்கிற எங்க அக்கா மகள். பக்கத்து வளவுக்காரர்கள் இந்தப் பத்தியையே வெட்டி ஒட்டிக்கொண்டு ஆரம்பிக்கலாம். ஒரு வருசம் எழுதிக்கொண்டு அடுத்த தை மாசம் கலெக்டர் ஆபீசில் திங்கக்கிழமை மனுநாளுக்கு நோட்டோடு போவதாக இருக்கிறோம். நகல் எடுத்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும், மனு காணாமல் போகிற ஆபீஸ் அது. எடை தெரியாத குழந்தைக்கு அந்தக் கட்டத்தில் கோடு போட வேண்டாம், ‘எடை போடவில்லை’ என்றே எழுதுங்கள்.